ஆய்வகம் இல்லாத காலத்தில் ஓர் ஆய்வாளர்

இந்த வகைக் கதைகளுக்கு முதல் அத்தியாயம் ஏறக்குறைய ஒன்றேதான். இன்றைய போலீஸ் அதிகாரி ஒருவர் கார் மோதியோ தலையில் அடிபட்டோ விழுகிறார். கண் திறந்தால் ஐம்பது வருஷம், இருநூறு வருஷம் பின்னால் கிடக்கிறார். சட்டைப்பையைத் தடவுகிறார்; கைபேசி இல்லை. எதிரே ஒரு பிணம். சுற்றி நிற்பவர்கள் அதைப் புரட்டிப் பார்க்கிறார்கள், காலால் நெம்புகிறார்கள், ஒருவர் பக்கத்திலேயே நின்று சிகரெட் சாம்பலைத் தட்டுகிறார். "யாரும் எதையும் தொடாதீங்க!" என்று நம் ஆள் அலறுகிறார். எல்லோரும் அவரைப் பைத்தியக்காரரைப் பார்ப்பதுபோல் பார்க்கிறார்கள். அங்கே கதை சூடு பிடிக்கிறது.

2006இல் பிபிசி ஒளிபரப்பத் தொடங்கிய 'லைஃப் ஆன் மார்ஸ்' தொடர் இந்த வாய்பாட்டை உலகம் முழுக்கக் கொண்டுபோய்ச் சேர்த்தது. மான்செஸ்டர் போலீஸ் அதிகாரி சாம் டைலர் விபத்தில் விழுந்து 1973இல் எழுகிறார். கொரியர்கள் 2018இல் அதையே எடுத்து, தங்கள் நாயகனை சோல் ஒலிம்பிக் நடந்த 1988க்கு அனுப்பிவைத்தார்கள். ஜூலி மெக்எல்வெய்னின் நாவல் வரிசையில் எஃப்பிஐ அதிகாரி கெண்ட்ரா டோனவன் 1815ஆம் ஆண்டு இங்கிலாந்தில், ஒரு பிரபுவின் மாளிகையில் போய் விழுகிறார். இந்தியில் 'ஜேஎல் 50' (2020), காணாமல்போன ஒரு விமானத்தின் பின்னால் சிபிஐ அதிகாரி ஒருவரை 1984 வரை ஓட வைத்தது. ஆளை அனுப்பாமல் குரலை மட்டும் அனுப்பும் கிளையும் உண்டு. கொரியாவின் 'சிக்னல்' (2016) தொடரில் பழைய வாக்கி டாக்கி ஒன்று இரண்டு காலத்துப் போலீஸ்காரர்களைப் பேச வைக்கிறது. 2024இல் வந்த இந்தித் தொடர் 'கியாரா கியாரா' அதன் தழுவல்.

தமிழில் காலப்பயணத்துக்குக் குறைவில்லை: 'இன்று நேற்று நாளை', '24', 'கணம்', 'மார்க் ஆண்டனி'. துப்பறியும் கதைக்கோ நூறு வருஷத்துக்கு மேற்பட்ட பரம்பரை இருக்கிறது. ஆரணி குப்புசாமி முதலியாரில் தொடங்கி ராஜேஷ்குமார் வரை சிங்கப்பூரின் செங்காங் நூலகத் தமிழ் அடுக்கில் ஒரு நாள் முழுக்க நின்று புரட்டலாம். ஆனால் இந்த இரண்டும் ஒரே கதைக்குள் வந்து உட்கார்ந்து பேசியது அபூர்வம். நமக்கு இல்லாத ஒன்றைப் பற்றி ஏன் இவ்வளவு பேச்சு என்றால், இதற்குத் தகுந்த சரக்கு நம்மிடம்தான் குவிந்து கிடக்கிறது என்பதால்தான். அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். துப்பறிபவர் பழைய காலத்துக்கு எதையெல்லாம் மூட்டை கட்டிக்கொண்டு போகிறார் என்று காட்டும் கதைகள் சீக்கிரம் சலித்துவிடுகின்றன. அங்கே போனதும் அவர் கையிலிருந்து எதெல்லாம் நழுவுகிறது என்று கணக்கெடுக்கும் கதைகள்தான் நிற்கின்றன. இந்த வகையின் நல்லதும் கெட்டதும் இந்த ஒரு புள்ளியில் பிரிகின்றன.

நல்லதில் முதலாவது, இதன் நேர்மை. சரித்திரத் துப்பறியும் கதை என்று நாம் படிப்பவற்றில் பெரும்பாலானவை மாறுவேடம் போட்ட காலப்பயணக் கதைகள்தாம். சோழர் காலத்து ஒற்றனோ விக்டோரியா காலத்துத் துப்பறிவாளனோ, நெற்றியில் திலகமும் தலையில் தொப்பியும் இருக்கும். மண்டைக்குள் இருப்பது இன்றைய மனம். சாதி பார்க்க மாட்டான், பெண்ணைச் சமமாக நடத்துவான், மூடநம்பிக்கையைக் கண்டு புன்னகைப்பான். அந்த மனம் அவனுக்கு எப்படி வந்தது என்று ஆசிரியர் சொல்வதில்லை.

சுஜாதா ஒருவர்தான் இதை ஒளிக்கக்கூட முயலவில்லை. 'காந்தளூர் வசந்தகுமாரன் கதை'யில் தன் கணேஷையும் வசந்தையும் அப்படியே தூக்கி ராஜராஜன் காலத்தில் இறக்கினார். கணேஷ் கணேச பட்டர் ஆனார், வசந்த் வசந்தகுமாரன் ஆனான். பெயரும் குணமும் துடுக்கும் கூடவே போயின. காலயந்திரம் எதுவும் தேவைப்படவில்லை. வாசகனுக்கும் ஆசிரியருக்கும் இடையே ஒரு கண்சிமிட்டல் போதுமானதாக இருந்தது. படிக்க ருசியான புத்தகம். அதற்கு விலையும் உண்டு. வசந்தகுமாரன் அந்தக் காலத்தில் எதிலும் முட்டிக்கொள்வதில்லை. பத்தாம் நூற்றாண்டு அவனுக்கு நல்ல துணிக்கடைபோல இருக்கிறது, உள்ளே போய்ப் போட்டுக்கொண்டு வந்துவிடுகிறான்.

முட்டிக்கொள்கிறவர்களும் உண்டு. சிங்கப்பூர் எழுத்தாளர் ஒவிடியா யூவின் 'தி ஃபிராஞ்சிபானி ட்ரீ மிஸ்டரி' (2017) 1936இல் நடக்கிறது. துப்பறிபவள் சூ லின், மிஷன் பள்ளியில் படித்த பதினாறு வயதுப் பெண். போலியோவால் ஒரு கால் இழுத்து நடப்பவள். மேலே வெள்ளைக்கார இன்ஸ்பெக்டர் லெ ஃப்ராய். சூ லின்னின் நியாய உணர்வு சற்று அதிகமாகவே இந்த நூற்றாண்டுக்குரியது என்பது என் எண்ணம். ஆனால் அவள் இனம், பால், ஊனம் மூன்றும் சேர்ந்து ஒவ்வொரு கதவையும் அவள் முகத்தில் சாத்துகின்றன. அந்த உரசல்தான் நாவலைக் காப்பாற்றுகிறது. காலப்பயணத் துப்பறியும் கதையில் இந்த மறைப்பு வேலையே இல்லை. ஆமாம், இவன் நம் காலத்து ஆள், நம் கண்ணாடி போட்டுக்கொண்டுதான் பார்க்கிறான் என்று முதல் பக்கத்திலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறது.

இரண்டாவது சிறப்பு இன்னும் ஆழமானது. 'லைஃப் ஆன் மார்ஸ்' தொடக்கத்தில் சாம் டைலர் தடய அறிக்கை எப்போது வரும் என்று கேட்பார். இரண்டு வாரம் ஆகும் என்பார்கள். துரத்தல் காட்சி எதையும்விட எனக்கு இந்தப் பதில்தான் பிடித்தது. 2006இல் ஒரு தொலைபேசி அழைப்பில் முடிந்துபோகிற காரியம், 1973இல் ஒரு மாநிலத்தையே நகர்த்துகிற வேலை. குற்றவாளி அதற்குள் இன்னொருத்தியைக் கொன்றுவிடுவான். அறிவு அவர் தலையில் அப்படியே இருக்கிறது. அந்த அறிவைத் தாங்கி நிற்கிற கட்டடம்தான் இல்லை.

கைரேகையையே எடுத்துக்கொள்வோம். உலகின் முதல் கைரேகை அலுவலகங்களில் ஒன்று 1897இல் கல்கத்தாவில் திறந்தது. ரேகைகளை வகைப்படுத்தும் கணக்கைப் போட்டுக்கொடுத்தவர்கள் அசிசுல் ஹக், ஹேம் சந்திர போஸ் என்ற இரண்டு இந்திய அதிகாரிகள். பெயர் மட்டும் மேலதிகாரி எட்வர்ட் ஹென்றிக்குப் போயிற்று. ஸ்காட்லாந்து யார்டு 1901இல்தான் அதை ஏற்றது. மரபணு ரேகையை அலெக் ஜெஃப்ரீஸ் லெஸ்டரில் கண்டது 1984இல். ஆகவே 1880க்குப் போகிற துப்பறிவாளர், கண்ணாடி டம்ளரில் ரேகையைப் பார்த்துத் துள்ளிக் குதிக்கலாம். அப்புறம்? ஒப்பிட ஏடு இல்லை. ஏடு இருந்தாலும் அதை நம்புகிற நீதிபதி இல்லை. நீதிபதி இருந்தாலும் 'நிபுணர் சாட்சி' என்று கூண்டில் ஏற ஆள் இல்லை. தடயம் தானாகப் பேசாது. அதைக் கேட்கிற காது ஒரு சமூகத்தில் உருவாகியிருக்க வேண்டும். மதுரையில் கண்ணகி சிலம்பை உடைத்தது நம் இலக்கியத்தின் மிகச் சிறந்த தடயவியல் காட்சி. அது வென்றதற்குக் காரணம் மாணிக்கப் பரல் மட்டுமில்லை. வாயில் காப்போன் உள்ளே விட்டான், அரசன் தன் தரப்புச் சிலம்பைக் கொண்டுவரச் சொன்னான், உடைந்ததும் ஒப்புக்கொண்டான். இந்த மூன்றில் ஒன்று தவறியிருந்தாலும் பரல் வெறும் பரல்தான்.

பெரும்பாலான எழுத்தாளர்கள் கோட்டைவிடுவது இங்கேதான். பழைய காலம் என்றாலே வெற்றிடம், அறிவு முழுக்க நம் ஆள் கொண்டுபோனது என்று வைத்துக்கொள்கிறார்கள். இந்தத் திமிருக்கும் பரம்பரை உண்டு. மார்க் ட்வைன் 1889இல் எழுதிய கதையில் கனெக்டிகட் அமெரிக்கன் ஒருவன் ஆர்தர் அரசன் காலத்துக்குப் போய், சூரிய கிரகணம் வரப்போவதைத் தெரிந்துவைத்திருப்பதால் உயிர் தப்பி மந்திரவாதியாகிவிடுகிறான். ட்வைன் அவனையும் கிண்டல் செய்தார். பின்னால் வந்தவர்கள் கிரகணத்தை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். 1860இல் சென்னைக்கு ஒரு துப்பறிவாளரை அனுப்பிப் பாருங்கள். சோற்றில் பாஷாணம் என்று சந்தேகப்பட்டு அவர் தன் மேதாவித்தனத்தைக் காட்டத் தொடங்குமுன், பக்கத்தில் நிற்கிற தலைமைக் காவலர் அலட்டிக்கொள்ளாமல் சொல்வார்: "வயித்துச் சாமானை ஜாடியில போட்டு கெமிக்கல் எக்ஸாமினருக்கு அனுப்பிடலாங்க." சென்னையில் ரசாயனப் பரிசோதகர் ஆய்வகம் 1849இலேயே வந்துவிட்டது. ஆர்சனிக்கைக் கண்டுபிடிக்கும் மார்ஷ் சோதனை 1836இலேயே தெரியும். இந்த மாதிரி மூக்குடைப்புகளைத்தான் இந்த வகை தேடிப்போக வேண்டும். போவதில்லை.

இதைவிடப் பெரிய குறை ஒன்றைக் கொரியாவிலிருந்து எடுக்கிறேன். 'சிக்னல்' தொடரில் வரும் ஒரு வழக்குக்கு அடிப்படை ஹ்வாசோங் தொடர்கொலைகள்: 1986 முதல் 1991 வரை பெண்கள் அடுத்தடுத்துக் கொல்லப்பட்டு, ஆள் அகப்படாமலே போன வழக்கு. தொடரில் வாக்கி டாக்கி வழியாக எதிர்காலம் உதவுகிறது. நிஜத்தில் 2019இல், பத்திரமாக வைத்திருந்த பழைய தடயப் பொருள்களில் மரபணுச் சோதனை செய்து ஆளைக் கண்டுபிடித்தார்கள். வேறொரு கொலைக்காக அவன் இருபத்தைந்து ஆண்டுகளாகச் சிறையில்தான் இருந்தான். சாட்சிப் பொருள் கிடங்குதான் நிஜமான காலயந்திரம் என்று சொல்லத் தோன்றும் சம்பவம். ஆனால் கதை அதோடு முடியவில்லை. அந்தக் கொலைகளில் எட்டாவதற்காக 1989இல் ஓர் அப்பாவிக்கு ஆயுள் தண்டனை கொடுத்திருந்தார்கள். இருபது வருஷம் உள்ளே இருந்தார்; 2020இல் நிரபராதி என்று தீர்ப்பானது. அவரை உள்ளே தள்ளியது அடித்து வாங்கிய வாக்குமூலம் மட்டுமா? இல்லை. அன்றைய அதிநவீனமான கதிரியக்க ஐசோடோப்பு முறையில் செய்த ரோம ஆய்வும் சேர்ந்துதான்.

இதை மனத்தில் வைத்துக்கொண்டு காலப்பயணத் துப்பறிவாளர்களைத் திரும்பப் பாருங்கள். 1989இன் அந்த ஆய்வாளரும் தன்னை நவீனமானவர் என்றுதான் நினைத்திருப்பார். பழைய காலத்துப் போலீஸைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்கிற நம் நாயகர், 2060இலிருந்து ஒருவர் வந்து தன்னைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்ளலாம் என்று ஒரு நொடிகூட யோசிப்பதில்லை. நெட்ஃபிளிக்ஸில் 2023இல் வந்த 'பாடீஸ்' இதற்கு ஓரளவு விதிவிலக்கு. ஒரே பிணம் 1890, 1941, 2023, 2053 என நான்கு காலங்களில் லண்டனின் ஒரே சந்தில் கிடக்கிறது, நான்கு துப்பறிபவர்கள். இன்றைய அதிகாரி வரிசையின் உச்சியில் இல்லாமல் நடுவில் நிற்கிறார். அந்த ஒரு ஏற்பாடே கதையின் குரலைத் தாழ்த்திவிடுகிறது. பிற்பாதியில் காலச்சுழல் புதிரை அவிழ்க்கிற அவசரத்தில் அந்த அடக்கம் காணாமல் போய்விட்டது, அது வேறு விஷயம்.

மூன்றாவது குறை கொஞ்சம் கூச்சமானது. 'லைஃப் ஆன் மார்ஸ்' பார்த்தவர்கள் மனத்தில் நின்றவர் சாம் டைலர் இல்லை. 1973இன் அதிகாரி ஜீன் ஹன்ட்: குடிப்பவர், கை நீட்டுபவர், தடயத்தைத் தானே வைத்துவிட்டுக் கண்டெடுப்பவர். தொடர் அவரைக் கண்டிக்கத்தான் எழுதப்பட்டது. ரசிகர்களோ அவரைக் கொண்டாடினார்கள். தொடர்ச்சியாக வந்த 'ஆஷஸ் டு ஆஷஸ்' முழுக்க அவர் தோளில்தான் ஓடியது. அந்தக் காலத்தில் அப்படித்தான் என்ற ஒரு வாக்கியம் கிடைத்துவிட்டால் எந்த அடி உதையையும் குற்ற உணர்ச்சி இல்லாமல் ரசிக்கலாம். தமிழ் ரசிகருக்கு இந்தச் சலுகைகூடத் தேவைப்படுவதில்லை. என்கவுன்டர் போலீஸ் படத்துக்கு நம் திரையரங்கில் விசில் பறக்க 1973 வரை போக வேண்டியதில்லை. ஆகவே இந்த வகையைத் தமிழுக்குக் கொண்டுவருபவர் முதலில் பயப்பட வேண்டியது இதற்குத்தான். நம் ஊர் ஜீன் ஹன்ட்டுக்கு ஒரே வாரத்தில் மன்றம் வைத்துவிடுவார்கள்.

காலத்தை மாற்றினால் என்ன ஆகும் என்ற தர்க்கச் சிக்கல்களைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அதில் பெரிய ஆர்வமில்லை. ஒன்று மட்டும் சொல்லலாம். ரவிக்குமாரின் 'இன்று நேற்று நாளை' (2015) படத்தில் விஷ்ணு விஷாலும் கருணாகரனும் காலயந்திரத்தை வைத்துக்கொண்டு செய்யும் தொழில் என்ன? தொலைந்த பொருளைக் கண்டுபிடித்துக் கொடுப்பது. போன நேரத்துக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, ஜோசியத்தில் தெரிந்ததாகச் சொல்லிக் காசு வாங்குகிறார்கள். தமிழில் காலப்பயணத் துப்பறிதலுக்கு மிக அருகில் வந்த காட்சிகள் இவை. கண்டுபிடித்ததை ஜோசியம் என்று சொன்னால்தான் ஊர் நம்பும் என்பது மேலே சொன்ன 'கேட்கிற காது' விஷயத்தைச் சிரிப்பாகச் சொல்லிவிடுகிறது. போலீஸ் சுட்டிருக்க வேண்டிய ரவுடி இவர்கள் குறுக்கே போனதால் தப்பித்துவிட, கணக்கு தீர்க்க வேண்டியதாகிறது. அந்தப் படத்தின் நகைச்சுவைக்குள் இருக்கிற ஒழுங்கு பல கனமான தொடர்களில் இல்லை.

சரக்கு நம்மிடம் குவிந்து கிடக்கிறது என்றேன். தமிழ் வரலாற்றின் மிகப் பெரிய கொலை வழக்கு சோழ இளவரசன் ஆதித்த கரிகாலனுடையது. கல்கி 1950 முதல் 1954 வரை 'பொன்னியின் செல்வன்' எழுதியபோது அந்தக் கொலையைக் கடம்பூர் மாளிகையில், இருட்டறையில், யாழ்க் களஞ்சியத்தில் வந்தியத்தேவன் ஒளிந்திருக்க, விளக்கு அணைந்த நேரத்தில் நடத்திவைத்தார். பூட்டிய அறை மர்மத்துக்கு இதைவிட நல்ல மேடை வேண்டுமா? யார் கை என்று வாசகர் இன்றும் சண்டை போடுகிறார்கள்.

ஆனால் கடம்பூரை மறந்துவிட்டு ஆவணத்துக்குப் போனால் நிலைமை இன்னும் சுவாரசியம். கொலை நடந்தது 970ஐ ஒட்டி. அதைப் பற்றி நமக்கு மிஞ்சியிருக்கும் அதிகாரபூர்வச் சான்று காட்டுமன்னார்கோயில் பக்கத்து உடையார்குடியில், அனந்தீசுவரர் கோயில் சுவரில் இருக்கிறது. ராஜராஜனின் இரண்டாம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு அது. சோமன், ரவிதாசனான பஞ்சவன் பிரமாதிராசன், பரமேசுவரனான இருமுடிச்சோழப் பிரமாதிராசன் என்று பெயர்களைப் பட்டியல் போட்டு, துரோகிகள் என்று சொல்கிறது. ஆனால் அது கொலை விசாரணைப் பதிவு அல்ல, நில விவகாரம். அந்தத் துரோகிகளும், பெண் கொடுத்தவர் எடுத்தவர் வரை அவர்கள் உறவினரும் வைத்திருந்த நிலத்தைப் பறிமுதல் செய்வது, வீரநாராயணச் சதுர்வேதிமங்கலத்துச் சபை அதை விற்பது, அது தர்மத்துக்குப் போவது. ஓர் இளவரசன் கொலையுண்டதை நாம் அறிவது பத்திரப்பதிவு அலுவலகத்து வழியாக என்று சொல்லலாம்.

கொலையாளிகள் பெயர் கல்லிலேயே இருக்கிறது. அப்படியானால் அங்கே போகிற துப்பறிவாளருக்கு என்ன வேலை? 'யார்' என்பது முடிந்த கேள்வி. முடியாத கேள்வி, ஏன் இவ்வளவு தாமதம் என்பது. கொலைக்கும் கல்வெட்டுக்கும் இடையே ஏறத்தாழ பதினைந்து ஆண்டுகள். இடையில் ஆண்டவர் உத்தம சோழர், கொலையால் அரியணை கிடைத்தவர். நீலகண்ட சாஸ்திரி அவர் மேல் சந்தேகத்தின் நிழலை விழ வைத்தார்; சதாசிவ பண்டாரத்தார் அதை மறுத்தார்; குடவாயில் பாலசுப்பிரமணியன் உடையார்குடிக் கல்வெட்டையே எடுத்து மறுபடி வாசித்து, இந்தத் தாமதக் கணக்கே சரிதானா என்று கேட்கிற இடத்துக்கு விவாதத்தைக் கொண்டுபோனார். நூறு வருஷத்துக்கு அருகில் நடந்துவரும் இந்த விசாரணையில் ஒருவருக்கும் பிணப் பரிசோதனை அறிக்கை தேவைப்படவில்லை.

நம் ஆளை 970க்கு அனுப்புவோம். முதல் சிக்கல், எங்கே இறங்குவது? கொலை நடந்த இடத்தைக் கல்வெட்டு சொல்லவில்லை, கடம்பூர் கல்கியுடையது. சரி, எப்படியோ இடத்தைப் பிடித்துவிட்டார். கத்தியைத் துணியில் சுற்றி எடுத்துவைத்தார். ரவிதாசன்தான் என்று தெரியும், பெயரைப் பள்ளிக்கூடத்திலேயே படித்திருக்கிறார். யாரிடம் கொண்டுபோய்க் கொடுப்பார்? பிரமாதிராசன் என்பது சாதாரணப் பட்டம் இல்லை, அரசாங்கத்தில் மேலிடத்து ஆள். தந்தை சுந்தர சோழர் மறைந்ததும் புகார் போய்ச் சேருமிடம், அந்தக் கொலையால் பயனடைந்தவரின் சபை. உண்மை கையில் இருந்தும் பதினைந்து வருஷம் வாயை மூடிக்கொண்டு, ஏதோ ஒரு சதுர்வேதிமங்கலத்தில் கணக்கெழுதிக்கொண்டு காத்திருப்பதைத் தவிர அவருக்கு வேறு வழி இல்லை. அந்தக் காத்திருப்பை எழுத ஒருவர் துணிந்தால் அது நல்ல நாவலாக இருக்கும். வாள் சண்டை குறைவாக இருக்கும் என்பதால் தொடராக எடுக்க ஆள் கிடைப்பது கஷ்டம்.

அவ்வளவு தூரம் போக வேண்டாம் என்பவர்களுக்குச் சிங்கப்பூரே போதும். இங்கே ஒரு நிஜ மர்மம் இருக்கிறது. 1961 மே 25, ஹஜ்ஜுப் பெருநாள் விடுமுறை. பிற்பகலில் கம்போங் தியோங் பாருவில் பற்றிய தீ புக்கிட் ஹோ சுவீக்குத் தாவியது. அத்தாப்புக் கூரையும் பலகையுமான 2,800க்கு மேற்பட்ட வீடுகள் சாம்பல். நான்கு பேர் இறந்தார்கள். ஏறத்தாழ 16,000 பேர் வீடிழந்தார்கள். தீ எப்படித் தொடங்கியது என்பது உறுதியாக நிலைநாட்டப்படவில்லை. யாரோ வைத்தார்கள் என்ற வதந்தி மட்டும் தலைமுறை தாண்டி நடமாடிக்கொண்டிருக்கிறது. அதற்கு முந்தைய ஆண்டுதான் தொடங்கப்பட்ட வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் (வீவக), அந்த மக்களை விரைவாகப் புதிய வீடுகளில் குடியேற்றியது. வீவக மேல் நாட்டுக்கு நம்பிக்கை பிறந்தது அங்கேதான் என்று வரலாறு எழுதுகிறவர்கள் சொல்கிறார்கள்.

செங்காங்கில் வளர்ந்த ஒரு தமிழ் ஆய்வாளரை அந்த மத்தியானத்துக்கு அனுப்பிப் பார்க்கலாம். இந்த வட்டாரத்து ஆளைத் தேர்ந்தெடுக்கக் காரணம் இருக்கிறது. தொண்ணூறுகளின் நடுவில் வரைபடத்தில் போட்டுக் கட்டிய ஊர் இது. அதற்கு முன் பண்ணை, ரப்பர், கங்கார் மீனவர் குடியிருப்பு. ரிவர்வேல் கிரசன்டில் இருக்கிற வேல்முருகன் ஞானமுனீஸ்வரர் கோயில்கூட வேறிடத்திலிருந்து பெயர்ந்து வந்ததுதான். இங்கே பிறந்து வளர்ந்தவருக்கு முகவரி என்றால் புளோக் எண், சாட்சி என்றால் மின்தூக்கி வாசலில் இருக்கும் போலீஸ் கேமரா. ஒரு வழக்கில் அவர் முதலில் கேட்பது "எந்தப் புளோக், எத்தனை மணிக்குக் காட்சிப்பதிவு?" என்பதுதான். 1961இன் கம்பத்தில், அதாவது கம்போங் குடியிருப்பில், இந்த இரண்டு கேள்விக்கும் அர்த்தம் கிடையாது. வீடுகள் ஒன்றோடொன்று ஒட்டி நிற்கின்றன, பாதை வெறும் ஒற்றையடி. யார் எங்கே குடியிருக்கிறார் என்பது அங்கே குடியிருப்பவர்களுக்குத்தான் தெரியும்.

அவர்கள் பேசுவது ஹொக்கியன். இவருக்கு ஆங்கிலம், தமிழ், பள்ளியில் படித்த நாலு மலாய் வார்த்தை. இவருடைய தாத்தாவாக இருந்தால் பாசார் மலாயில் சமாளித்திருப்பார். சிராங்கூன் ரோட்டில் மாடு கட்டியவரும் சைனாடவுனில் காய்கறி விற்றவரும் அதில்தான் பேரம் பேசினார்கள். அறுபது ஆண்டுக் கல்வி முன்னேற்றத்தில் பேரனுக்கு அந்த மொழி போய்விட்டது. பழைய காலத்துக்குப் போனால் நாம்தான் அதிகம் தெரிந்தவர் என்ற நினைப்பை இந்த ஒரு விஷயம் உடைக்கும். மேலும் அந்தக் கம்பத்தில் ரகசியக் கும்பல்கள் நடமாடின. போலீஸ்காரரிடம் பேசுவதே ஆபத்து. மரபணு, காட்சிப்பதிவு, கைபேசிக் கோபுரப் பதிவு எல்லாம் போன பிறகு மிஞ்சுகிற ஒரே தடயம் மனிதர் வாயிலிருந்து வருவது. அது இவரிடம் வராது.

வந்தது என்றே வைத்துக்கொள்வோம். தீ வைத்தவன் ஒருவன் கதையில் அகப்பட்டான், நான்கு உயிர் போனதால் கொலை வழக்கு என்றும் வைத்துக்கொள்வோம். அன்று மரண தண்டனை வழக்குகளில் ஜூரி உண்டு. சிங்கப்பூரில் அந்த முறை ஒழிந்தது 1970 தொடக்கத்தில்தான். ஏழு சாமானியர் முன்னால் நம் ஆய்வாளர் சாட்சிக் கூண்டில் நிற்க வேண்டும். எதிர்த்தரப்பில் வழக்கறிஞர் டேவிட் மார்ஷல் எழுந்திருக்கிறார் என்று கற்பனை செய்யுங்கள். ஜூரியின் மனத்தைக் கரைப்பதில் அவருக்கு இணையாக இந்தத் தீவில் யாரும் இருந்ததில்லை. தீ முதலில் பற்றிய இடத்தைச் சாம்பல் படிவை வைத்துக் கண்டுபிடித்தேன் என்று நம் ஆள் சொல்வார். எந்தப் பள்ளியில் கற்றீர்கள், எந்த ஆண்டு தேர்ச்சி என்று மார்ஷல் கேட்பார். அந்தப் பதிலைச் சொல்ல முடியாத நிபுணர், ஜூரிக்கு முன்னால் வெறும் உளறுவாயர்.

தடுத்துவிடலாமே என்று வாசகர் கேட்பார். மூன்றரை மணிக்குத் தீ என்று தெரியும், இரண்டு மணிக்கே போய் நிற்க வேண்டியதுதானே. நான்கு உயிர் பிழைக்கும். ஆனால் அந்தத் தீ இல்லாமல் வீவக இந்த வேகத்தில் வளர்ந்திருக்குமா, கம்பங்கள் எப்போது காலியாகியிருக்கும், இவர் பிறந்து வளர்ந்த புளோக் எழுந்திருக்குமா? தாத்தாவைக் கொன்றால் பேரன் பிறப்பானா என்ற பழைய புதிருக்கு இவ்வளவு உள்ளூர் வடிவம் வேறு எந்த நாட்டிலும் கிடைக்காது. சொந்த வீட்டின் அடித்தளத்தில் ஒரு தீர்க்கப்படாத தீ இருக்கிறது என்று கண்டுபிடிக்கிற அதிகாரி அதைத் தீர்க்க விரும்புவாரா என்பது, யார் வைத்தார்கள் என்பதைவிட நல்ல மர்மம்.

பழைய தமிழ் முரசு இதழ்கள் தேசிய நூலக வாரியத்தின் மின்தொகுப்பில் கிடக்கின்றன. தீயில் தப்பியவர்களின் வாய்மொழிப் பதிவுகள் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. எழுத உட்காருகிறவர் இரண்டையும் பார்த்துவிட்டு, மூன்றாவதாக ஹொக்கியன் தெரிந்த வயதானவர் ஒருவரைக் காப்பிக்கடையில் பிடித்துக்கொள்வது நல்லது. அந்தத் தலைமுறையில் ஆட்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள்.